கவினுக்கு ஒரு கால்சைன்

குழு: மூன்று வீடும் ஒரு வாசல்
வியாழன், இரவு 7:40

அம்மா: அண்ணே, சாப்பிட்டாயிற்றா? ஒரு விஷயம் கேட்க வேண்டும். கவின் பள்ளியில் சாரணர் முகாம் நடந்தது. அங்கே ஒருவர் வயர்லெஸ் செட்டு வைத்து வெளியூர் ஆட்களோடு பேசிக் காட்டினாராம். அன்றிலிருந்து இவன் வாக்கி டாக்கி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஆன்லைனில் 2,000 ரூபாய்க்குள் இருக்கிறது. வாங்கித் தரலாமா?

பட்டுக்கோட்டை மாமா: வாங்காதே சுமதி. ஆர்டர் போட்டிருந்தால் இப்போதே கேன்சல் செய்துவிடு.

கவின்: மாமா 😭

பட்டுக்கோட்டை மாமா: அழாதடா, முழுக்கக் கேள். முகாமில் நீ பார்த்தது ஹாம் ரேடியோ, பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவது. அந்தக் கையடக்க ஹேண்டி நல்ல செட்டுதான். ஆனால் அதில் பேசும் பட்டனை அழுத்தினால் சிக்னல் வெளியே போகும். காவல்துறை, ஆம்புலன்ஸ், மீனவர்கள் எல்லாரும் வயர்லெஸ்ஸை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். எங்கே பேசுகிறோம் என்று தெரியாமல் அழுத்தினால் அவர்களுக்கு இடைஞ்சல். அதனால் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி தவறு. முதலில் தேர்வு, அப்புறம் கால்சைன், அதாவது ரேடியோவில் உன் அடையாளப் பெயர், அதற்கப்புறம் செட்டு.

கோவை அண்ணன்: சின்னப் பையனுக்கு உரிமம் தருவார்களா மாமா?

பட்டுக்கோட்டை மாமா: 12 வயது முடிந்தால் போதும். இவனுக்கு 13. தேர்வில் இரண்டு பகுதி: ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்று, சட்ட விதிகள் இன்னொன்று. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது, சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு கிரேடு. ரெஸ்ட்ரிக்டட் எழுதினால் மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாகத் தட்டும் குறியீடு, கிடையாது. தேறினால் விக்டர் யூனிஃபார்ம் 3, அதாவது வி யூ 3, என்று தொடங்கும் கால்சைன் வரும். ஜெனரல் என்றால் விக்டர் யூனிஃபார்ம் 2, அதற்கு மோர்ஸும் வேண்டும்.

அம்மா: படிப்பு கெடாதா அண்ணே? அதை விட, யாரோடு பேசுவான்? முகம் தெரியாத ஆட்களோடா?

பட்டுக்கோட்டை மாமா: நியாயமான கேள்வி. போனில் முகம் தெரியாதவன் ரகசியமாக மெசேஜ் அனுப்பலாம், உனக்குத் தெரியவே தெரியாது. இங்கே அது நடக்காது. பேசுவதை ஊரே கேட்கும். ஒவ்வொருவரும் கால்சைன் சொல்லித்தான் பேச வேண்டும், அது அரசுப் பதிவில் இருக்கும். சங்கேத வார்த்தை கூடாது, வியாபாரம் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. பெரும்பாலும் என்ன பேசுவோம் தெரியுமா? உன் சிக்னல் எப்படி வருகிறது, எந்த ஆன்டெனா, உங்கள் ஊரில் மழையா. அவ்வளவுதான். இலங்கையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், ஃபோர் சியரா செவன் கால்சைன். நேரில் பார்த்ததே இல்லை. காலையில் அவர் தமிழில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓம் விதி, மின்தேக்கி, அலைநீளம் எல்லாம் அவன் பாடப் புத்தகத்தில் எப்படியும் வரப்போவதுதான்.

பெரியம்மா: வாங்கிக் கொடு சுமதி. தம்பி இதை எதற்காகக் கற்றான் என்று எனக்குத்தான் தெரியும்.

கவின்: எதற்கு பெரியம்மா?

பெரியம்மா: கஜா புயல்டா. 2018 நவம்பர் 16, விடியற்காலை. நீ அப்போது சின்னப் பிள்ளை. வேதாரண்யத்தில் எங்கள் தெருவில் ஒரு மரம் நிற்கவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் வெறும் டப்பா. வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. நாலாம் நாள் உப்பு லாரிக்காரர் ஒருவரிடம் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பினேன். ‘எல்லாரும் நலம், ஓடு மட்டும் போச்சு’ என்று எழுதினேன். நோட்டுக்கூட இல்லை, அரிசிப் பையைக் கிழித்துத்தான் எழுதினேன்.

பட்டுக்கோட்டை மாமா: அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது அக்கா, செட்டு வைத்திருக்கும் அலமாரியில். அந்த மூன்று நாளும் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தேன். அப்புறம்தான் தெரிந்தது: உன் ஊரில் ஒரு ஹாம் ரேடியோக்காரர், என் ஊரில் ஒருவர், ஆளுக்கு ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி, ஒரு நீளக் கம்பி இருந்திருந்தால் முதல் நாள் மதியமே பேசியிருக்கலாம். டவரே வேண்டாம். அடுத்த வருடமே தேர்வு எழுதினேன்.

கோவை அண்ணன்: சுனாமியின்போதும் இப்படித்தானே, அந்தமானில்?

பட்டுக்கோட்டை மாமா: ஆமாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மாவும் அவர் குழுவும் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் சார்பில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார்கள். அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ ஒலிப்பது மிக அரிது, அதனால் உலகம் பூராவும் அவர்களோடு பேச வரிசை கட்டியது. 26-ஆம் தேதி சுனாமி. பொழுதுபோக்குக்கு வைத்திருந்த அதே செட்டுகளில் தகவல் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்த குடும்பங்களுக்கு அந்தச் செய்தி போனது.

கவின்: சரி மாமா, செட்டு வேண்டாம். ஆனால் அதுவரைக்கும் நான் என்ன செய்வது?

பட்டுக்கோட்டை மாமா: கேள். கேட்பதுதான் பாதிப் பயிற்சி, நான் ஒரு வருடம் வெறுமனே கேட்டேன். இப்போதே ஆரம்பிக்கலாம், செலவே இல்லை. நெதர்லாந்தில் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது, பெயர் வெப்எஸ்டிஆர். அம்மா லேப்டாப்பில் திற. 7100 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போய் எல்எஸ்பி என்ற குரல் முறையைத் தேர்ந்தெடு. குரல் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும், பயப்படாதே. மெல்ல மெல்ல நகர்த்து, ஒரு இடத்தில் சட்டென்று மனிதக் குரலாகிவிடும். கேட்டதை ஒரு நோட்டில் எழுது: நேரம், அலைவரிசை, கால்சைன்.

இரவு 9:05

கவின்: மாமா மாமா! ஒருவர் இந்தியா இந்தியா என்று சொல்கிறார்! நம் ஊர்க்காரரா?

பட்டுக்கோட்டை மாமா: முழுசாக என்ன சொன்னார்?

கவின்: இந்தியா ஜூலு, அப்புறம் ஒரு எண், அப்புறம் ஏதோ வேகமாக.

பட்டுக்கோட்டை மாமா: இத்தாலிக்காரர்டா! ரேடியோவில் ஐ என்ற எழுத்தைத் தெளிவாகச் சொல்ல ‘இந்தியா’ என்போம், இசட் என்றால் ‘ஜூலு’. அவர்கள் கால்சைன் ஐ-யில் தொடங்கும். நம்முடையது விக்டர் யூனிஃபார்ம். நோட்டில் முதல் வரி இத்தாலி! நான் முதலில் கேட்டது கேரளா. நீ என்னைத் தாண்டிவிட்டாய்.

அம்மா: பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்துகிறான் அண்ணே. ரொம்ப நாள் கழித்து இவ்வளவு சந்தோஷமாகப் பார்க்கிறேன்.

கோவை அண்ணன்: விண்வெளி நிலையத்தைக்கூடக் கேட்கலாம் என்கிறார்களே?

பட்டுக்கோட்டை மாமா: கேட்கலாம். 145.800 மெகாஹெர்ட்ஸ். அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது, நம் தலைக்கு மேல் கடக்க அதிகம் போனால் பத்து நிமிடம். விண்வெளி வீரர்கள் சில நாட்களில் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவார்கள். எப்போதும் குரல் இருக்காது, நான் ஏழெட்டு முறை மொட்டைமாடியில் வெறும் இரைச்சல் கேட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். ஒரு நாள் மாலை குரல் வந்தது. நிலையம் நெருங்கி வரும்போது அலைவரிசை சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை மேலே இருக்கும், விலகிப் போகும்போது கீழே இறங்கும். ரயில் ஹாரன் சத்தம் மாறுகிற அதே கதைதான். இதற்கு யுஎஸ்பியில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று போதும், அது கேட்க மட்டும்தான், பேசாது. கூட 49 சென்டிமீட்டர் கம்பி.

கவின்: ஏன் 49?

பட்டுக்கோட்டை மாமா: அந்த அலையின் நீளம் 2 மீட்டர் சொச்சம். அதில் கால் பங்கு, கம்பி என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்து வெட்ட வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு என்றால் இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர். என் வீட்டில் ஒரு முனை மாடியில் இருக்கிறது, இன்னொன்று கொல்லையில் கஜாவுக்குத் தப்பிய ஒரே தென்னையில். சனிக்கிழமை வா, நீயே அளந்து வெட்டு.

இரவு 9:50

கவின்: (குரல் செய்தி, 0:11)

பெரியம்மா: என்னடா இது, டம்ளரில் கரண்டியால் தட்டுகிறாய்?

கவின்: மோர்ஸ் பெரியம்மா! யூடியூபில் பார்த்தேன். 73 என்றால் அன்பான வணக்கமாம்.

பட்டுக்கோட்டை மாமா: டா டா டி டி டிட், டி டி டி டா டா. சரியாக வந்திருக்கிறது! 7-க்கும் 3-க்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் இடைவெளி விடு. புள்ளியும் கோடும் எழுதி மனப்பாடம் செய்யாதே, பாட்டுப் போலக் காதில் ஏற்று. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை கேட்பார்கள், உன் வயதில் அது சீக்கிரம் வந்துவிடும்.

அம்மா: சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறோம் அண்ணே. கம்பி, ஸ்க்ரூ ஏதாவது திருச்சியில் வாங்கி வரட்டுமா?

பட்டுக்கோட்டை மாமா: எல்லாம் இங்கே இருக்கிறது. அவன் நோட்டை மட்டும் மறக்காமல் எடுத்து வரச் சொல்.

கவின்: இரண்டாவது வரி போட்டுவிட்டேன் மாமா. ஜெர்மனி!