பழைய ஹொண்டா சீடி 125 ஸ்டார்ட் ஆகுதில்லை: கொண்டன்சர் எங்கே கிடைக்கும்?

அண்ணாமார், பழைய பைக்கில் கை வைத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கோ. அப்பாவின் ஹொண்டா சீடி 125, பொயின்ட் (ஸ்பார்க் வர திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய ட்வின் எஞ்சின், அதாவது இரண்டு சிலிண்டர். மாரி முழுக்க உப்புவெளி வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. கடல் காற்று தெரியும்தானே, இங்கே கதவுப் பிணைச்சலே துருப்பிடித்துவிடும்.

பெற்றோல் புதிது. காபரேட்டர் கழற்றி ஜெட் ஊதியாச்சு. கிக் அடித்தால் இரண்டு பிளக்கும் நனைந்து வருகின்றன, அப்போ பெற்றோல் போகுது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் ஹெட்டில் வைத்துப் பார்த்தால் ஸ்பார்க் நீலமாக இல்லை, மெல்லிய செம்மஞ்சள். இரண்டிலும் அதே கதை. பொயின்ட் இடைவெளி 0.35 மில்லிமீற்றர், உப்புத்தாளும் போட்டேன். ஆனால் திறக்கும்போது பொயின்ட்டிலேயே பளீரென்று பொறி பறக்குது. உவர்மலை இறக்கத்தில் தள்ளிவிட்டால் ஒருக்கால் இருமிவிட்டு நிற்குது.

பொயின்ட்டில் இப்படிப் பொறி பறக்காமல் தடுக்கிற சின்னச் சாமான்தான் கொண்டன்சர், எனக்கு அதில்தான் சந்தேகம். கராஜில் ஸ்பார்க்குக்கு வோல்ட்டேஜ் ஏற்றும் கொயிலையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள், அது காசுக்கு வேலை. பழைய திரீவீலர் கொண்டன்சரை வெளியே கட்டி, எர்த் கொடுத்து ஓடிப் பார்த்தவர்கள் உண்டா? திருகோணமலை டவுனில் நல்லது எந்தக் கடையில் கிடைக்கும்? கொயிலின் ஓம் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் தெரிந்தால் சொல்லுங்கோ, மீற்றர் கையில் இருக்கு.