யுன்தாய் மலை: எந்த மாதத்தில் செல்வது?

கோண்டாவில் வாசகர்:
வணக்கம். நானும் முழங்கால் நோவுள்ள அம்மாவும் சீனாவின் ஹெனான் மாகாணத்திலுள்ள யுன்தாய் மலைக்குச் செல்ல எண்ணியுள்ளோம். 314 மீற்றர் உயரமான அதன் நீர்வீழ்ச்சிக்குக் குழாயில் நீர் விடுகிறார்கள் என்பது உண்மையா?

நல்லூர் வாசகர்:
உண்மைதான். 2024 யூனில் உச்சியில் எடுக்கப்பட்ட காணொளி பரவியபின், வறண்ட காலத்தில் சிறிதளவு நீர் சேர்ப்பதாக நிர்வாகமே ஒப்புக்கொண்டது. யூலை, ஓகஸ்ட் மழைக்காலத்தில் சென்றால், எங்கள் இலங்கையின் 263 மீற்றர் பம்பரகந்தை நீர்வீழ்ச்சியையும் உயரத்தில் விஞ்சிய அந்த அருவியை நீர்ப்பெருக்கோடு காணலாம்.

காரைநகர் வாசகர்:
அருவியை மட்டும் எண்ணிப் போகாதீர்கள் தங்கச்சி. அங்குள்ள செம்பாறை மலையிடுக்கில், இரும்புத்தாதுவால் சிவந்த, நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான மணற்பாறைச் சுவரில், கசூரினாக் கடற்கரையில் வற்றும் நீர் மணலில் விட்டுச்செல்கிற அதே அலைவரிகள் கல்லாக உறைந்திருப்பதைக் கண்டு நான் நெடுநேரம் நின்றேன். ஒருகாலத்தில் அங்கும் ஆழமற்ற கடலே இருந்தது. ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரமான சூயூ சிகரத்துக்குப் படிகள் மிக அதிகம், அம்மாவுக்கு வேண்டாம். பூங்காவினுள் பேருந்துகள் ஓடுகின்றன.

கோண்டாவில் வாசகர்:
மிக்க நன்றி அண்ணா. சிகரத்தை விட்டுவிட்டு, அம்மாவுக்கு அந்த அலைவரிகளைக் காட்டுகிறேன்.