நட்டுவக்காலிக்குத் தொட்டி அமைத்தல்: திருகோணமலை வெயிலில் மின்குமிழ் தேவையா?

உவர்மலைவாசி:
அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் தம்பலகாமத்தில் மாமா வீட்டு விறகுக் குவியலைப் பிரித்தபோது, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கருநிற நட்டுவக்காலி, அதாவது பெரிய தேள், வெளிப்பட்டது. விளக்குமாற்றோடு வந்தவர்களைத் தடுத்து, அதைப் பால்மா டின் ஒன்றில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய மீன் தொட்டியில் நிலாவெளிக் கடற்கரை மணலை இரண்டு அங்குலம் பரப்பி, வெளிநாட்டுக் காணொளிகளில் கண்டபடி மேலே 40 வாற்று மின்குமிழ் ஒன்றையும் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்று நாட்களாக அது உணவைத் தொடவில்லை. பகலில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, இரவில் கண்ணாடியைப் பிறாண்டுகிறது. வெப்பம் போதவில்லையா? தொட்டி முன் விறாந்தையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை.

கன்னியா வளவு:
தம்பி, முதலில் அந்தக் குமிழை அணையுங்கள். அந்தக் காணொளிகள் குளிர்நாட்டு வீடுகளுக்காக எடுக்கப்பட்டவை. தென்மேற்கிலிருந்து வெக்கையான கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் நம் ஊரில் பகல் வெப்பம் 33 பாகையைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. உங்கள் உயிரிக்கோ 25 முதல் 30 பாகை வரை இருந்தாலே போதும். வெயில் ஏறும்போது குழிக்குள் இறங்கித் தப்புவதுதான் அதன் இயல்பு. நீங்கள் மேலிருந்து சூடேற்றிவிட்டு, இறங்குவதற்கு ஆழமும் கொடுக்கவில்லை. அது மூலையில் ஒடுங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கடற்கரை மணலையும் அகற்றிவிடுங்கள். அதில் உப்பு இருக்கும். தோண்டிய குழியும் நில்லாது சரிந்துவிடும். தும்புத்தூள் மூன்று பங்கும் வளவுச் செம்மண் ஒரு பங்குமாகக் கலந்து, குறைந்தது 12 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்கி நிரப்புங்கள். கலவையை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கொழுக்கட்டைபோல் உருண்டு நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. அதுதான் சரியான ஈரம். அதற்குமேல் உடைந்த கூரை ஓடு ஒன்றைச் சாய்த்து வைத்து, அதன் அடியில் விரலால் ஒரு சிறு பள்ளம் தோண்டிக் கொடுத்தால் மீதியை அது தானே தோண்டிக்கொள்ளும். மேற்பரப்பு காய்ந்தால் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் அடிமண்ணில் தங்க வேண்டும். கடலோரக் கிணறுகளில் நீர் உவராக இருந்தால் மழைநீரே நல்லது. குடிப்பதற்குப் போத்தல் மூடியளவு தட்டையான பாத்திரம் போதும்.

வழுவழுப்பான கண்ணாடியில் அதனால் ஏற முடியாது. ஆனால் மீன் தொட்டியின் மூலைகளில் பூசிய சிலிக்கன் பசையைப் பற்றிக்கொண்டு ஏறிவிடும். ஆகவே பூட்டக்கூடிய வலை மூடி கட்டாயம் வேண்டும். வெறுமனே பலகையை வைத்து மேலே கல்லேற்றுவது போதாது. உணவாக வாரத்துக்கு ஒன்றிரண்டு சில்வண்டுகளோ கரப்பான்களோ போதும். மருந்தடித்த வீட்டுக் கரப்பானை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

குளக்கட்டு:
அமைப்பைப் பற்றி மேலே சொல்லப்பட்டதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் அது என்ன தேள் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். கருமையாக, இடுக்கிகள் நண்டின் கால்போலப் பருத்தும் வால் ஒப்பீட்டளவில் மெலிந்தும் இருந்தால், அது முன்பு ஹெற்றரோமெற்றஸ் என்று வகைப்படுத்தப்பட்ட காட்டுத் தேள்களைச் சேர்ந்ததாக இருக்கும். அதன் கொட்டு வலிக்கும், ஆனால் உயிராபத்து மிக அரிது. மாறாக, செம்பழுப்பு நிறத்தில் இடுக்கிகள் மெலிந்து வால் தடித்திருந்தால் தொடவே வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பலரை மருத்துவமனைக்கு அனுப்பிய இந்தியச் செந்தேள், அதாவது ஹொட்டென்டோட்டா தமுலஸ், அத்தகைய உருவம் கொண்டது; அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும். எந்தத் தேள் கொட்டினாலும், வியர்வையோ வாந்தியோ மூச்சுத்திணறலோ கண்டால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்னொன்று: காட்டுயிரைப் பிடித்து வளர்ப்பதற்கு முன் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் ஒரு சொல் கேட்பதே முறை. அனுமதி இல்லையென்றால் அதே விறகுக் குவியலில் கொண்டுபோய் விடுங்கள், வேறெங்கும் அல்ல.

நிலாவெளி அக்கா:
எறும்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! தின்று மீந்த கரப்பான் காலை மறுநாள் காலையிலேயே இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். நான் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதுபோலவே, தொட்டி இருக்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறேன்; நுளம்பு முட்டையிடாதபடி அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுவேன். தொட்டியருகே நுளம்புத்திரி கொளுத்தக்கூடாது. டெங்குப் புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் தொட்டியை வேறு வீட்டுக்கே கொண்டுபோய்விட வேண்டும். ஒருமுறை நான் அசட்டையாக இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் என்னுடையது மல்லாந்து கிடந்தது.

இரவில் பார்க்க விரும்பினால், கடைகளில் காசுத்தாள் சோதிக்கும் ஊதா விளக்கு போதும். அதன் ஒளியில் தேள் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். ஓரிரு நிமிடங்களுக்கு மேல் அடிக்காதீர்கள், ஒளிந்துகொள்ளும்.

உவர்மலைவாசி:
மிக்க நன்றி. நேற்றுக் குமிழைக் கழற்றி, மணலைக் கொட்டி, தும்புத்தூள் நிரப்பினேன். இடுக்கிகள் பருத்தவைதான், நிறமும் கறுப்பே. மாலையில் ஓட்டின்கீழ் விட்டவுடன் கால்களால் மண்ணைப் பின்னால் தள்ளத் தொடங்கியது. இன்று காலை ஓட்டின் வாசலில் நெல்லிக்காயளவு மண் குவிந்திருக்கிறது. அதற்கப்பால் இரண்டு இடுக்கி நுனிகள் மட்டும் தெரிகின்றன. திணைக்கள அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன். அதுவரை ஊதா விளக்கு எங்கே வாங்கலாம் என்று யாராவது சொல்வீர்களா? அம்மாதான் கேட்கிறார்.