தெற்கு ஜார்ஜியாத் தீவுக்குக் கப்பலில் சென்று வந்தவர்கள் உண்டா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)

வணக்கம். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு வயது 61. ஞாயிறுதோறும் மூக்கனேரிக் கரையில் பறவை பார்ப்பது நெடுநாள் பழக்கம். ராஜா பென்குவின்களை அவை வாழும் இடமான, தென் அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவிலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகச் சேமித்து வைத்திருக்கிறேன். எந்த மாதத்தில் செல்வது நல்லது? முழங்கால் வலி உள்ளவர்கள் ரப்பர் படகில் ஏறி இறங்க முடியுமா? பறவைக் காய்ச்சல் பரவிய இடத்துக்கு நாம் போவது முறைதானா? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

பதில் 1 (காப்பித் தோட்டம், ஏற்காடு)

அம்மா, நானும் என் மனைவியும் ஒரு நவம்பரில் சென்று வந்தோம். அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கப்பலேறி, ஃபாக்லாந்துத் தீவுகளைப் பார்த்துவிட்டு, அதன்பின் இரண்டு நாளுக்கு மேல் வெறுங்கடலில் சென்றால்தான் தெற்கு ஜார்ஜியாவின் பனிமலைகள் கண்ணில் படும். அங்கே விமானம் இறங்க இடமே கிடையாது என்பதால், மருத்துவக் காப்பீட்டை அரைகுறையாக எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டாம்.

ராஜா பென்குவின் முட்டையிட்டுக் குஞ்சை வளர்த்து ஆளாக்க ஓராண்டுக்கும் மேல் ஆகிறது. ஆகவே எந்த மாதம் போனாலும் அவற்றின் குடியிருப்பு வெறிச்சோடிக் கிடக்காது. நவம்பரில் போனால், முந்தைய கோடையில் பிறந்த குஞ்சுகள் பழுப்புக் கம்பளி போர்த்தியது போல் ஆயிரக்கணக்கில் நின்று சீழ்க்கையடிப்பதையும், ஆண் யானைக் கடல்நாய்கள் கரையில் மோதிக்கொள்வதையும் சேர்த்தே பார்க்கலாம். டிசம்பரில் உரோமக் கடல்நாய்கள் குட்டி போட வந்து கரையை அடைத்துக்கொள்வதால் சில இடங்களில் கால் வைக்கவே முடியாது.

படகில் ஏறும்போது படகோட்டி நம் முன்கையையும், நாம் அவர் முன்கையையும் மணிக்கட்டுக்கு மேலே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். உள்ளங்கையை மட்டும் பிடித்தால் வழுக்கிவிடும். இறங்குவது பெரும்பாலும் முழங்கால் அளவு நீரில்தான். நாங்கள் மூன்று மாதம் கிளியூர் அருவிப் படிகளில் ஏறி இறங்கிப் பழகியது மிகவும் கைகொடுத்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கரையிறங்குவதற்கு முன் கப்பலின் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, உடை, பை, காலணி அனைத்தையும் ஊக்காலும் உறிஞ்சு கருவியாலும் துப்புரவு செய்யச் சொன்னார்கள். என் கேமராப் பையின் ஒட்டுப்பட்டையில் (வெல்க்ரோ) எங்கள் தோட்டத்து நாயுருவி விதை ஒன்று சிக்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி சேர்வராயன் மலைச் சரிவுகளை எப்படி மூடிக்கொண்டது என்று தினமும் பார்ப்பவன் நான். அந்த ஒரு விதையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டேன். இப்படி வெளியிலிருந்து வந்தவற்றால் அந்தத் தீவு ஏற்கெனவே பட்டிருக்கிறது: கடல்நாயையும் திமிங்கிலத்தையும் வேட்டையாட வந்த கப்பல்களில் தொற்றிக்கொண்டு வந்த எலிகள், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று அழித்தன. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டரில் நச்சுத் தீனி தூவி எலிகளை ஒழித்தார்கள். எலியற்ற தீவு என்று அறிவிக்க 2018 ஆயிற்று. உலகில் வேறெங்கும் இல்லாத தெற்கு ஜார்ஜியா நெட்டைக்காலி என்ற சிறு பறவை இப்போது மீண்டும் பாடுகிறது. பென்குவின்களின் பேரிரைச்சலுக்குப் பக்கத்தில் அந்தச் சிறு குரலைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

பதில் 2 (சூரமங்கலம்)

காய்ச்சல் குறித்து நானும் தயங்கியவன்தான். அந்தத் தீவில் அது 2023 அக்டோபரில் ஸ்குவா பறவைகளிடம் முதலில் தென்பட்டது; பிறகு யானைக் கடல்நாய்களைக் கடுமையாகத் தாக்கியது. அதைக் கொண்டுபோனவை வலசை வரும் பறவைகள் என்றே கருதப்படுகிறது. ஆனாலும் ஓரிடத்து எச்சத்தை இன்னோரிடத்துக்குக் காலணியில் சுமந்து செல்லக் கூடாது அல்லவா? அதனால்தான் கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைத் தரையில் வைக்கவோ விடுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் காலணியைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். இதற்கு மனம் ஒப்புமானால் தாராளமாகப் போகலாம். சிறிய கப்பலாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் கரையில் நிற்பவர்களுக்கு 100 பேர் என்ற வரம்பு உண்டு. பெரிய கப்பலில் போனால் பாதி நேரம் முறைக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

பதில் 3 (ஆத்தூர்)

நியூசிலாந்தின் தென்முனையிலிருந்தும் கப்பல்கள் உண்டு. மக்குவாரித் தீவில் ராஜா பென்குவின்களோடு, அங்கு மட்டுமே முட்டையிடும் ராயல் பென்குவின்களையும் பார்க்கலாம். கேம்பல் தீவில் பலகைப் பாதையில் நடந்து சென்று, கூட்டில் அமர்ந்திருக்கும் அல்பட்ராஸ்களைக் காணலாம். கடல் அங்கும் கொந்தளிப்பானதே.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நவம்பர் என்று முடிவு செய்துவிட்டேன். என் தோள்பையின் ஒட்டுப்பட்டையைப் பிரித்துப் பார்த்ததில் மூக்கனேரிப் புல்விதைகள் ஏழு இருந்தன. அந்தப் பையைக் கொண்டுபோகப் போவதில்லை. கம்பூட்ஸ் இங்கிருந்தே வாங்கிச் செல்ல வேண்டுமா, ஐயா?

பதில் 1 (காப்பித் தோட்டம், ஏற்காடு)

வேண்டாம், அம்மா. எங்கள் கப்பலில் இரவலாகத் தந்தார்கள். உங்கள் கப்பலிலும் உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டு, உங்கள் அளவை எழுதிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே இரண்டு கம்பளிக் காலுறை போட வேண்டியிருக்கும் என்பதால் ஓர் அளவு கூடுதலாகவே கேளுங்கள்.