'டேபிள்டு' என்றால் முன்வைத்தார்களா, தள்ளிவைத்தார்களா?

வணக்கம். ஒரு கூட்டக் குறிப்பைத் தமிழாக்குகிறேன், நாளை மறுநாள் கொடுக்க வேண்டும். "தி மோஷன் வாஸ் டேபிள்டு" என்ற ஒரே வரியில் மூன்று நாளாகச் சிக்கி நிற்கிறேன்.

பிரிட்டிஷ் வழக்கில், தீர்மானத்தை விவாதத்துக்கு முன்வைத்தார்கள் என்று பொருள். அமெரிக்காவிலோ நேர் எதிர், இப்போதைக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு மேசைக்கு இவ்வளவு வம்பு! அகராதிகள் இரண்டையும் போட்டுவிட்டு நழுவிவிடுகின்றன. அனுப்பியவரிடம் கேட்டேன், பதில் இல்லை.

கூட்டம் நடந்தது சிகாகோவில். ஆனால் குறிப்பெழுதியவர் லண்டன்காரர். 'கலர்' என்பதில்கூட யூ சேர்த்தே எழுதியிருக்கிறார். அடுத்த வரி வேறு விஷயத்துக்குத் தாவிவிடுகிறது, வாக்கெடுப்பு பற்றி ஒன்றுமில்லை. 'மேசையில் வைக்கப்பட்டது' என்று மழுப்பினாலும் தமிழில் முதல் பொருள்தான் வரும்.

சரி, நீங்களாக இருந்தால் 'முன்வைக்கப்பட்டது', 'ஒத்திவைக்கப்பட்டது' இரண்டில் எதைப் போடுவீர்கள்?