ஒல்லியான குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சர்க்கரை நோய்: மரபணுப் பரிசோதனை உதவுமா?

கேள்வி (தஞ்சை வாசகர்):
தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் முப்பது வயதுக்குள்ளேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. வேலையில் சேர்வதற்காக எடுத்த பரிசோதனையில், 22 வயதான என் தம்பிக்கும் வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 168 என வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் பருமனானவர் எவருமில்லை. உடல் பருமனே காரணம் என்று எல்லோரும் சொல்லும்போது, எங்களுக்கு மட்டும் இது எப்படி நேர்கிறது? எச்சில் மாதிரியை அனுப்பினால் நோய் வரும் வாய்ப்பைக் கணித்துத் தரும் பரிசோதனைகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. அவற்றால் பயன் உண்டா?

மறுமொழி (உயிரியல் ஆசிரியை):
பருமனைத் தூண்டும் மரபணுக்களும் சர்க்கரை நோயைத் தூண்டும் மரபணுக்களும் பெரும்பாலும் வெவ்வேறானவை. 2007-இல் வெளியான ஆய்வின்படி, எஃப்.டி.ஓ. மரபணுவின் ஒரு வேறுபாட்டை (மாறுபட்ட வடிவத்தை) தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள், அதைப் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருந்தனர்; அது முதன்மையாகப் பசியையும் உண்ணும் அளவையும் கூட்டுகிறது. 2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த டி.சி.எஃப்.7.எல்.2 வேறுபாடோ கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலின் சுரப்பதைக் குறைக்கிறது; ஒல்லியாக இருப்பவரையும் அது விடுவதில்லை. இதைவிட வியப்பானது சமோவா தீவினரிடம் 2016-இல் கண்டறியப்பட்ட சி.ஆர்.இ.பி.ஆர்.எஃப். வேறுபாடு: அது எடையைக் கூட்டுகிறது, ஆனால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது!

மறுமொழி (கோவை வாசகர்):
மரபணுவின் மீதே முழுப் பழியையும் போட்டுவிட முடியாது. பிமா பழங்குடியினரில் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழ்வோரிடம் 38 விழுக்காடும், மெக்சிகோ மலைப்பகுதியில் உழுது பயிரிட்டு வாழும் அவர்களுடைய உறவினரிடம் ஏறத்தாழ 7 விழுக்காடும் சர்க்கரை நோய் இருந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. வாழ்க்கைமுறையால் வரும் இந்த இடைவெளியை எச்சில் பரிசோதனை சொல்லாது.

மறுமொழி (ஓய்வுபெற்ற மருத்துவர்):
பொதுவாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு மேலே கூறியவை பொருந்தும். ஆனால் 25 வயதுக்கு முன்பே நோய் தொடங்குவது, ஒல்லியான உடல், மூன்று தலைமுறைத் தொடர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால், ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் 'மோடி' எனப்படும் வகையை ஐயுற வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அம்மரபணு வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. எச்.என்.எஃப்.1.ஏ. மரபணுவில் கோளாறு உள்ளவர்களில் பலருக்குக் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்போனைல்யூரியா மாத்திரை குறைந்த அளவிலேயே போதுமானதாக இருக்கிறது, ஜி.சி.கே. மரபணுக் கோளாறு வகையாயின், கர்ப்பகாலம் தவிர, மருந்தே பெரும்பாலும் வேண்டியிராது. எனவே இங்கு மரபணுப் பரிசோதனை சிகிச்சையையே மாற்றக்கூடும். அதை இணையத்தில் வாங்காமல், நீரிழிவு மருத்துவரின் பரிந்துரையோடு செய்துகொள்ளுங்கள்.

தஞ்சை வாசகர்:
மிக்க நன்றி, ஐயா. தம்பிக்கு உடனே இன்சுலின் தொடங்க வேண்டும் என்கிறார்கள். மரபணு முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற மருத்துவர்:
காத்திருக்க வேண்டாம், முதல் வகை நீரிழிவாக (இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே அழித்துவிடும் வகையாக) இருந்தால் இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. முதலில் இரத்தத்தில் காட் ஆன்டிபாடியும் (முதல் வகையைக் காட்டும் எதிர்ப்பொருள்) சி-பெப்டைடும் (உடல் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிபாடி இல்லாமல், சி-பெப்டைடு போதிய அளவு இருந்தால் மட்டுமே மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிப்பதில் பொருளுண்டு.