மழைக்காலத்தில் புறா முட்டை பொரிக்குமா?

கேள்வி (மஞ்சக்குப்பம்):
மாடியில் ஒரு ஜோடி கர்ணப் புறா வளர்க்கிறேன். இரண்டு முட்டை இட்டிருக்கிறது. பகலெல்லாம் ஆண்தான் அடைகாக்கிறது, பெட்டை வெளியே மேய்கிறது. முட்டை கெட்டுப்போகுமா? ஐப்பசி மழை வேறு.

பதில் (கடலூர் முதுநகர்):
பயப்படாதீங்க தம்பி, அதுதான் முறை. காலை பத்து மணி வாக்கில் ஆண் உட்காரும், சாயங்காலம் பெட்டை மாற்றிக்கொள்ளும். ராத்திரி முழுக்க அதுதான். இரண்டாவது முட்டை இட்டதிலிருந்து 17, 18 நாளில் பொரிக்கும். சும்மா சும்மா கையில் எடுக்காதீங்க. ஆறேழு நாள் கழித்து ஒரே ஒரு தடவை இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்க. சிவப்பு நரம்பு சிலந்தி வலை மாதிரி ஓடினால் கரு இருக்கிறது. நம்ம ஊர் மழை வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். கூண்டு வாயைத் தெற்கே திருப்பி வையுங்க. ஈரம்தான் எமன்.

பதில் (பாகூர்):
கம்பு, சோளத்தோடு பச்சைப்பயறும் கொடுங்க. கிளிஞ்சல் தூள் கட்டாயம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கி, கழுவிக் காயவைத்து இடித்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. குஞ்சுக்கு நான் ஏதாவது ஊட்ட வேண்டுமா?

பதில் (கடலூர் முதுநகர்):
வேண்டவே வேண்டாம். முதல் சில நாள் ஆண், பெட்டை இரண்டுமே தொண்டைப் பையில் சுரக்கும் புறாப்பாலைக் கொடுக்கும். அப்புறம்தான் ஊறிய தானியம். தண்ணீர்ச் சட்டி மட்டும் காலியாகாமல் பார்த்துக்கோங்க.